ஸ்டீயரிங் டைட்டா இருக்கா? எப்போது என்று சொல்லுங்கள்

ஈரோட்டில் ஒரு பட்டறை. என் பழைய டீசல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "ஸ்டீயரிங் ரொம்ப டைட்டா இருக்குங்கண்ணா" என்றேன். அதற்கு முந்தைய வாரம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இதே வாக்கியத்தைச் சொன்னபோது, கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டி, டயர்களைத் திருப்பும் ரேக்கை முழுசாக மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்த மெக்கானிக் பானட்டைத் திறக்கவில்லை. வண்டிப் பக்கமே திரும்பவில்லை. "எப்பங்க டைட்டா இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

எப்போதும்தான் என்றேன்.

"அப்படி இருக்காதுங்க. காலைல மொத ஸ்டார்ட்டுலயா? நின்ன இடத்துல ஒடிக்கறப்பவா? ஓட்டத்துலயா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டுமா? ரேஸ் குடுத்தா லேசாகுதா?"

ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு மாதமாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"டைட்டா இருக்கு" என்பது "சோறு சரியில்லை" என்பதைப் போன்ற ஒரு புகார். அரிசி பழசா, தண்ணீர் குறைவா, வடித்த நேரம் தவறா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. பவர் ஸ்டீயரிங்கில் பத்து இடத்தில் கோளாறு வரலாம். வந்து சேருவதென்னவோ கைக்குக் கனமாகத்தான். எந்த நேரத்தில் கனக்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்கும் கீழே டயர்களைத் திருப்பும் ரேக்குக்கும் நடுவில், வண்டி ஓட்டுகிற யாரும் பார்த்திராத ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. டார்ஷன் பார் என்பார்கள். மேலே கை திருப்புகிறது. கீழே டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் கம்பி ஓரிரு டிகிரி முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் முறுக்கியது, எவ்வளவு முறுக்கியது என்பதை வைத்துத்தான் உங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று வண்டி தெரிந்துகொள்கிறது. ஹைட்ராலிக் வண்டியில் அந்த முறுக்கம் ஒரு வால்வைத் திறக்கும். பம்ப் தள்ளுகிற ஆயில் ரேக்கின் ஒரு பக்கம் புகுந்து உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். எலெக்ட்ரிக் வண்டியில் அதே முறுக்கத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ப மோட்டாருக்குக் கரண்ட் போகும். இரண்டிலுமே கைக்கும் டயருக்கும் நடுவிலான இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. பவர் போனால் போவது உதவி மட்டும்தான்.

ஹைட்ராலிக் யோசனை பழையது. ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926ஆம் ஆண்டிலேயே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் கடையில் போய் வாங்கக்கூடிய காரில் அது வர 1951 ஆயிற்று, கிரைஸ்லர் இம்பீரியலில். அந்த முறையில் ஒரு குறை உண்டு. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைத் தொடாமல் போகும்போதும் இன்ஜின் அந்தப் பம்பைச் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பெரிய அமெரிக்க இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஜப்பானின் குட்டி கார்களுக்கு அந்தச் செலவு கட்டாது. 1988இல் சுசுகி செர்வோவில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வந்ததற்கு இதுதான் பின்னணி. ஒடிக்கும்போது மட்டும் கரண்ட் எடுக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. பழைய இன்னோவா, பொலேரோ, சுமோ மாதிரியான கனமான வண்டிகள் ஹைட்ராலிக்.

உங்களுடையது எது என்று தெரிய பானட்டைத் திறந்தால் போதும். மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட சின்ன ஆயில் டப்பா இருந்தால் ஹைட்ராலிக். இல்லாவிட்டால் அநேகமாக எலெக்ட்ரிக். ஆயில் பம்பையே மோட்டார் வைத்துச் சுற்றுகிற இரண்டுங்கெட்டான் வகை ஒன்றும் சில மாடல்களில் உண்டு.

சரி, கனம். பவர் ஸ்டீயரிங்கைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது டயர் காற்று. 33 psi இருக்க வேண்டிய முன் டயரில் 22 இருந்தால் தரையைத் தொடும் ரப்பர் அகன்றுபோய், நின்ற இடத்தில் ஒடிப்பது நிஜமாகவே பாடாகிவிடும். அழகுக்காக அகலமான டயரும் பெரிய அலாயும் போட்டவர்களுக்கும் இதே கதைதான். கம்பெனி கணக்குப் போட்டுக் கொடுத்த உதவி பழைய டயருக்கானது.

இரண்டாவது, ஜாக்கி. முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பூட்டு விழாதபடி சாவியை மட்டும் திருப்பி வைத்து, ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றிப் பார்க்க வேண்டும். டயரில் இப்போது பாரம் இல்லை. ஹைட்ராலிக்கில் ஆயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். அப்படியும் இறுக்கமாக இருந்தால் குற்றவாளி இரும்புப் பக்கம் இருக்கிறது: காய்ந்துபோன பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்புகிற உருண்டை மூட்டு), சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங், இப்படி ஏதாவது. ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் பிடித்து, நடுவில் லேசாகப் போனால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கிறது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேராக வர மாட்டேன் என்கிற புகாரும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இருபது நிமிட வேலை. பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

இனி ஹைட்ராலிக் வண்டியின் பேச்சு. அது நிறையவே பேசும்.

பம்ப் ஒரு பெல்ட்டில் சுற்றுகிறது. முழுப் பாரத்தில் அது ஆயிலை 80, 100 பார் அழுத்தத்தில்கூடத் தள்ளும். உங்கள் கார் டயரில் இருப்பது (மேலே சொன்ன 33 psi) இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே. எனவே இன்ஜின் ஓடும்போது அந்த ஹோஸ் பக்கம் விரலால் தடவிக் கசிவு தேடக் கூடாது. நின்ற இடத்தில் கனம், ரேஸ் கொடுத்தால் லேசாகிறது என்றால், ரேஸ் கொடுக்காத ஐடிலிங்கில் பம்ப் போதிய ஆயில் தரவில்லை என்று பொருள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ஐடிலிங்கே குறைவாக இருக்கலாம். மழைநாளில், குளிர்ந்த காலையில், ஒடித்தவுடன் 'கீச்ச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினால் அது பெல்ட் வழுக்குகிற சத்தம். மெதுவாக ஒடித்தால் சரியாக இருந்து, சட்டென்று வேகமாக ஒடிக்கும்போது மட்டும் நடுவில் முட்டுக்கொடுத்ததுபோல் நின்றால் ஆயில் ஓட்டம் பற்றவில்லை. டப்பாவின் அடியில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொண்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

முழுசாக ஒடித்த நிலையில் வரும் 'உஸ்ஸ்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். போக இடமில்லாத ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிப் போகிறது. ஆனால் அப்படியே ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயில் கொதித்துவிடும், சீல்கள் கருகும். ஃபுல் லாக்கில் பிடித்துக்கொண்டே ஆட்டோவுக்கு வழிவிட்டுக் காத்திருப்பவர்கள் பம்பின் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

என் வண்டிக்கு வருவோம். மெக்கானிக் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு 'ஙொய்ய்' சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இன்ஜின் சத்தமாகவே ஆகிவிட்டிருந்தது. டப்பா மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டிய ஆயில் இளஞ்சிவப்பாக, நுரைத்து, ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. "காத்து இழுக்குதுங்க" என்றார்.

ஆயிலை அமுக்கினால் அமுங்காது. அதனால்தான் அது தள்ளுகிறது. காற்று அமுங்கும். நுரைத்த ஆயிலைப் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பாதி விசை குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். கனமும் அதனால்தான், அந்த முனகலும் அதனால்தான். டப்பாவிலிருந்து பம்புக்கு வருகிற உறிஞ்சு குழாயின் முனையில் ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். ஆகவே ஓ-ரிங் கெட்டாலும் ஆயில் பெரிதாக வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். கீழே தரையில் சொட்டு இல்லை என்பதால் லீக் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டிருந்தோம். பழைய ஓ-ரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பராகவே இல்லை. குழந்தைகளின் பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்து, அழுத்தியதும் பொட்டென்று உடைந்தது. அதன் விலை அன்று நாங்கள் குடித்த டீயைவிடக் கொஞ்சம் அதிகம்.

புதிதைப் போட்ட பிறகு காற்றை வெளியேற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் அவசரப்படுகிறார்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே, ஆயில் ஊற்றி ஊற்றி இருபது தடவையாவது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தார். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பினார். முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் அந்தக் காற்றைக் கடைந்து மறுபடி ரோஸ் மில்க் ஆக்கிவிடும்.

ஆயில் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். பல வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலே போதும். சில ஐரோப்பிய வண்டிகள் பச்சை நிற சிந்தெடிக் ஆயில் கேட்கும். இரண்டையும் கலக்கக் கூடாது. மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதுதான் சட்டம். பிரேக் ஆயிலைத் தவறுதலாக ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அப்புறம் ரேக்கும் பம்பும் சேர்ந்தே வெளியே வர வேண்டியதுதான். சொட்டு எங்கிருந்து என்று தெரியாவிட்டால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். காலையில் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், சிவப்பாக இருந்தால் அநேகமாக இது, வெறும் தண்ணீர் என்றால் ஏசி.

அப்படியானால் ரேக்கே கெடாதா? கெடும். அதற்கான அடையாளம் வேறு. ஒரு பக்கம் மட்டும் கனம், மறுபக்கம் பூப்போல என்றால் பம்பின் மேல் பழி போட முடியாது. பம்ப் இடது வலது அறியாது. வால்வோ, ரேக்கின் உள் சீலோ ஆயிலை ஒரு பக்கம் நழுவ விடுகிறது. ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை ('பூட்' என்பார்கள்) அமுக்கிப் பார்த்து, உள்ளே ஆயில் தளும்பினால் சந்தேகமே வேண்டாம். 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. காலையில் ஸ்டீயரிங் கல்லாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடானதும் சரியாகிவிடும். கர்ப்பிணிகளின் காலை மசக்கையின் பெயரையே அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்தார்கள். வால்வைச் சுற்றியிருந்த டெஃப்லான் வளையங்கள் அலுமினிய உறையை வரிவரியாகத் தேய்த்துவிட்டிருந்தன. குளிரில் வளையம் சுருங்கி அந்த வரி வழியே அழுத்தம் ஓடிவிடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது கோளாறு காணாமல் போயிருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை.

எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் இவ்வளவு பேசாது. மீட்டரில் ஸ்டீயரிங் படத்தோடு ஆச்சரியக்குறி ஒன்றை எரியவிட்டு, உதவியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். உடனே ஸ்டீயரிங் தண்டின் 'காலம்' தொகுதியையே மாற்ற வேண்டும் என்ற பேச்சு தொடங்கும். நான் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பேன். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது அந்த மோட்டார் 40, 50 ஆம்பியர்கூட இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எரிந்தாலும் பத்து ஆம்பியர் பக்கம்தான். பேட்டரி கிழடாகி, டெர்மினலில் பச்சைப் பொடி பூத்து, எர்த் ஒயர் தளர்ந்திருந்தால், அந்த இழுப்பில் வோல்டேஜ் சரியும். கன்ட்ரோல் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துவிடும். என் மைத்துனர் வண்டியில் ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. வெந்நீர் ஊற்றி டெர்மினலைச் சுரண்டி இறுக்கியதோடு சரியாகிவிட்டது.

சூடு இன்னொன்று. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியைச் செருக, உருளாமல் நின்றபடியே பத்துப் பதினைந்து தடவை ஒடித்தால் மோட்டார் சூடேறும். கம்ப்யூட்டர் கரண்டைக் குறைக்கும். ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் விட்டால் பழையபடி ஆகிவிடும். இது கோளாறில் சேர்த்தி இல்லை. சக்கரம் ஒரு சாண் உருண்டாலே ஒடிப்பது பாதி வேலையாகிவிடும் என்று ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லித் தரலாம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு "ஒரு எரர் கோடும் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருவிகளில் பல இன்ஜினோடு மட்டும்தான் பேசும். ஸ்டீயரிங் யூனிட் தனி. அதைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கிலேயே 'டக் டக்' என்று கைக்கு அடித்தால், சில மாடல்களில் மோட்டாருக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் கட்டைவிரல் நக அளவு ரப்பர் துண்டு பொடியாகிப் போயிருக்கும். அதை மட்டும் மாற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதே சத்தம் கீழேயிருந்து வந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டோடு உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தால் முழங்கால் தண்ணீரில் தப்பியிருக்கும். கீழே ரேக்கோடு இருந்தால் கனெக்டரில் ஏறிய ஈரம் மாதக்கணக்கில் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

நேர்ச்சாலையில் ஒரு பக்கமாக இழுப்பதையும் பவர் ஸ்டீயரிங் தலையில் கட்டுகிறார்கள். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுக்கும் திசையும் மாறினால் குற்றம் டயரில். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயர்களில் மட்டும் இது சரிவராது.

ஓட்டத்தில் திடீரென்று உதவி போய்விட்டால்? 2010இல் ஜெனரல் மோட்டார்ஸ் வட அமெரிக்காவில் இப்படிப்பட்ட குறைக்காக செவ்ரோலே கோபால்ட் உள்ளிட்ட 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உதவி போனாலும் வண்டியைத் திருப்ப முடியும், மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்குக் கீழேதான் கனம் அதிகம் தெரியும் என்று அப்போது விளக்கினார்கள். உருளும் டயர் எளிதில் திரும்பும், நிற்கும் டயர்தான் தரையைக் கவ்வும் என்பதால் அது சரியான விளக்கமே. ஆனாலும் வேகம் குறையக் குறையத்தான் கனம் ஏறும் என்பதை எதிர்பாராதவர் ஓரம் கட்டுகிற நேரத்தில் தடுமாறுவார். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைக்கிற அதே இடத்தில் ஸ்டீயரிங் உதவியும் இல்லை, இரண்டு மிதிக்கு அப்புறம் பிரேக் உதவியும் இல்லை. சாவியை உருவினால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

என் வண்டியின் ரேக் அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடியது. ஒருநாள் மறுபடி ஈரோடு. இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "இடது பக்கம் மட்டும்ணா. ரேஸ் குடுத்தாலும் மாறல. டிரைவர் சைடு பூட்டுல ஆயில் இருக்குது." சிரித்துக்கொண்டே ரேக்கை இறக்கச் சொன்னார். பிரித்து, உள்ளே இருக்கும் தண்டைப் பெட்ரோலில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் முழு நீளத்துக்கும் மெதுவாக ஓட்டினார். துருவில் குழி விழுந்திருந்தால் நகம் தட்டும். புது சீல் போட்டாலும் அந்தக் குழி சீக்கிரமே அதை அறுத்துவிடும், புது ரேக்தான் வழி. இரண்டாம் தடவை என் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எங்கேயும் தட்டவில்லை. பையனைக் கூப்பிட்டு சீல் கிட் வாங்கி வர அனுப்பினார்.